முதியோர் இல்லத்தில் நர்ஸிங் கவனிப்பு: குமரி மாவட்டக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். வீட்டில் எண்பது தாண்டிய அப்பாவும் அம்மாவும் மட்டும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கமெல்லாம் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். ஒரு கட்டத்தில் முதியோர் இல்லத்தைத் தேட வேண்டிவருகிறது. படுக்கையில் இருப்பவர்கள், எழுந்து நடக்கத் துணை வேண்டியவர்கள், மறதி நோய் வந்தவர்கள் ஆகியோரின் அன்றாடக் கவனிப்பைப் பற்றியே இங்கே பேசுகிறோம். தானாகக் குளித்து, சாப்பிட்டு, நடமாடுகிறவருக்கு இதில் பாதி இன்று தேவைப்படாது. ஆனால் அவர் பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், மறுநாளே எல்லாம் தேவைப்படும்.

இல்லத்தைப் பார்க்கப் போகிறோம். முதலில் எதைக் கேட்க வேண்டும்?

"ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். டைல்ஸ் தரை, தோட்டம், ஜெபக்கூடம், பூஜையறை எல்லாம் தானாகவே கண்ணில் படும். இரவு பதினொரு மணிக்கு யார் விழித்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டால்தான் தெரியும். வாய்ப்பதிலோடு விட்டுவிடாமல், போன மாத டியூட்டி அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். இரவு வரிசையில் வெவ்வேறு பெயர்கள் இருக்கின்றனவா, அல்லது பகலில் வேலை பார்த்த அதே பெயர் இரவிலும் வருகிறதா என்று பாருங்கள். பகலிலும் இரவிலும் ஒரே பெயர் என்றால், அவர் அங்கேயே தங்கித் தூங்குகிறார், கூப்பிட்டால் எழுந்து வருகிறார் என்று பொருள். அது இரவு டியூட்டி ஆகாது.

ஒருமுறை பகலில் போனால், இன்னொருமுறை ஞாயிற்றுக்கிழமை மாலையிலோ காலை ஆறு மணிக்கோ போங்கள். ஆள் குறையும் நேரங்கள் அவை. தண்ணீர் டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, அழைப்பு மணியின் வயர் படுக்கையில் இருப்பவர் கையருகே கிடக்கிறதா அல்லது சுவரில் சுருட்டி வைத்திருக்கிறார்களா, உதடு வெடித்திருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா, குதிகால் மெத்தையில் அழுந்திக் கிடக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு அறையில் மூத்திர வாடை அடித்தால் அப்போதுதான் யாரோ நனைத்திருக்கலாம். கட்டடம் முழுக்க அடித்தால் அங்கே டயபர் மாற்ற ஆள் போதவில்லை.

எத்தனை பேர் இருந்தால் போதும்? கணக்கு ஏதாவது உண்டா?

உண்டு. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் மற்ற பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைக்கும்.

20 பேர் இருக்கும் ஒரு இல்லத்தில் 8 பேர் முழுப் படுக்கை என்று வைத்துக்கொள்வோம். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். புரட்டுவது, டயபர் பார்ப்பது, தேவைப்பட்டால் மாற்றித் துடைப்பது எல்லாம் சேர்த்து இரண்டு பேர் செய்தால் ஒருவருக்கு 10 நிமிடம். எட்டுப் பேருக்கு 80 நிமிடம். 120 நிமிடத்தில் 80 போக, மீதி 40 நிமிடத்தில்தான் மற்ற 12 பேரின் பாத்ரூம் தேவை, தண்ணீர், இருமல், தூக்கமின்மை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் இது முட்டிமோதி நடக்கும். ஒரே ஒருவர் என்றால், தனியாகக் கனமான உடலைப் புரட்ட 15 நிமிடமாவது பிடிக்கும்; எட்டுப் பேருக்கு 120 நிமிடம், அதாவது அந்த இரண்டு மணி நேரமும் தீர்ந்துவிடும். ஆகவே அவர் புரட்டமாட்டார். அவருக்கு மனம் இல்லாமல் அல்ல, நேரம் இல்லை.

அமெரிக்காவில் நர்ஸிங் ஹோம்களின் (அங்கே முதியோர் கவனிப்பு இல்லங்களுக்கு அதுதான் பெயர்) தரத்தைச் சட்டமாக்கியது 1987-ல். 2001-ல் அங்குள்ள மத்திய அரசு நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த ஆய்வறிக்கை, ஒரு முதியவருக்கு ஒரு நாளில் 4.1 மணி நேரக் கவனிப்புக்குக் கீழே போனால் தரம் குறைகிறது என்றது. அதில் 2.8 மணி நேரம் உதவியாளர்களுடையது, மீதி 1.3 மணி நேரம் தகுதி பெற்ற நர்ஸ்களுடையது. 2024-ல் 3.48 மணி நேரம் என்று கட்டாய விதி கொண்டுவந்தார்கள். ஆள் கிடைக்காது, செலவு தாங்காது என்று இல்ல உரிமையாளர்கள் வழக்குப் போட, 2025-ல் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்த எண்கள் நம்மூர்ச் சட்டம் அல்ல. ஆனால் மனித உடல் எங்கும் ஒன்றுதான், அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

நம் 20 பேர் இல்லத்துக்குக் காலை 5 பேர், மாலை 4 பேர், இரவு 2 பேர் என எட்டு மணி நேர ஷிப்டில் 11 பேர் வேண்டும். மொத்தம் 88 மணி நேரம், முதியவர் ஒருவருக்கு 4.4 மணி நேரம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் பகல் 4, இரவு 2 என்றால் 72 மணி நேரம், முதியவர் ஒருவருக்கு 3.6. சமையல்காரர், துப்புரவுப் பணியாளர், வாட்ச்மேன், மேனேஜர் யாரும் இதில் சேரமாட்டார்கள். "எங்களிடம் 12 ஸ்டாஃப் இருக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால், அவர்களை இதிலிருந்து கழித்துவிட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று. இருபத்துநான்கு மணி நேரமும் ஒரு ஆள் நிற்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்தால் மூன்றரை ஆள் வேண்டும். காய்ச்சல், கல்யாணம், திருவிழா, கிறிஸ்துமஸ் விடுப்பு எல்லாம் சேர்த்தால் நான்கு ஆள். ஒரே ஒரு நர்ஸை நியமித்துவிட்டு "24 மணி நேர நர்ஸ் வசதி" என்று போர்டு வைக்க முடியாது.

நர்ஸ், நர்ஸிங் அசிஸ்டென்ட், ஹோம் நர்ஸ்: யார் என்ன செய்யலாம்?

பி.எஸ்சி. நர்ஸிங் நான்கு ஆண்டு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு, ஏ.என்.எம். இரண்டு ஆண்டுப் படிப்பு. இவர்கள் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழின் நகலை இல்லம் கோப்பில் வைத்திருக்கும். பார்க்கக் கேட்பதில் தவறில்லை. நம்மூரில் "ஹோம் நர்ஸ்" என்று அழைக்கப்படுபவர்களில் பலர் சில மாதப் பயிற்சியோ, பயிற்சியே இல்லாமல் அனுபவமோ கொண்டவர்கள். அவர்கள் குளிப்பாட்டுவதிலும் ஊட்டுவதிலும் கைதேர்ந்தவர்களாக இருக்கலாம். அந்த வேலையைத் தாழ்வாக நினைக்கக் கூடாது. முதியவரின் நாளில் பெரும்பகுதி அவர்கள் கையில்தான் இருக்கிறது.

ஆனால் ஊசி போடுவது, ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாய்) போடுவது, கதீட்டர் (மூத்திரம் வெளியேறும் குழாய்) மாற்றுவது, மருத்துவர் எழுதிய அளவில் இன்சுலின் கொடுப்பது, ஆழமான புண்ணுக்கு டிரஸ்ஸிங் செய்வது ஆகியவை பதிவு பெற்ற நர்ஸின் வேலை. வெள்ளை உடை போட்ட எல்லோரையும் "சிஸ்டர்" என்றே அழைப்பதால் குடும்பத்துக்கு வித்தியாசம் தெரிவதில்லை. "இன்று இன்சுலின் போட்டது யார், அவர் என்ன படித்திருக்கிறார்?" என்று நேரடியாகவே கேளுங்கள்.

நல்ல நர்ஸ்கள் ஏன் ஆறு மாதத்தில் போய்விடுகிறார்கள்?

1838-ல் நெய்யூரில் மருத்துவ மிஷன் தொடங்கிய மாவட்டம் இது. நர்ஸிங் கல்லூரிகளுக்கும் படித்து முடித்த பெண்களுக்கும் இங்கே குறைவில்லை. ஆனால் படிப்பை முடித்த பெண்ணுக்கு வீட்டில் கல்விக் கடன் இருக்கும். கண் துபாய், சவுதி, லண்டன் மேல் இருக்கும். வெளிநாட்டு வேலைக்கான பிரோமெட்ரிக் அல்லது ஓ.இ.டி. தேர்வு எழுதும்வரை அனுபவச் சான்றிதழுக்காக உள்ளூரில் வேலை பார்க்கிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. முதியோர் இல்லத்தின் அனுபவம் வெளிநாட்டு வேலைக்குப் பல இடங்களில் கணக்கில் வராது என்பதால், பெரும்பாலும் ஆஸ்பத்திரியைத்தான் முதலில் தேடுவார்கள்.

இதில் இல்லத்தின் கையில் இருப்பதும் நிறைய. சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா, வார விடுமுறை உண்டா, இரவு டியூட்டி முடித்தவரை மறுநாள் பகலிலும் நிறுத்துகிறார்களா, ஹாஸ்டல் அறையில் மின்விசிறி ஓடுகிறதா என்பவற்றைப் பொறுத்தே ஆள் தங்குவார். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் முதியவர் படும் பாடு அதிகம். பாட்டாவுக்கு (தாத்தாவுக்கு) இடது தோள் வலிக்கும், வலப்பக்கம் படுத்தால்தான் தூக்கம் வரும், காலையில் கட்டன்சாயா (பால் விடாத டீ) குடிக்காமல் மலம் கழியாது என்பதெல்லாம் எந்தச் சார்ட்டிலும் இருக்காது. ஆறு மாதம் பார்த்தவருக்குத்தான் தெரியும். "இங்கே ஓராண்டுக்கு மேல் இருப்பவர்கள் எத்தனை பேர்?" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்து முதியவர்கள் சிலர் மலையாளம்தான் பேசுவார்கள்; மறதி நோய் வந்தபின் சின்ன வயதுப் பேச்சு மட்டுமே மிஞ்சும். ஒவ்வொரு ஷிப்டிலும் அந்தப் பேச்சு புரிகிற ஒருவராவது இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

படுக்கைப் புண் வயதானால் வருவதுதானே?

இல்லை. பெரும்பாலான படுக்கைப் புண்கள் தடுக்கக்கூடியவை. உடல் எடை எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோலை அழுத்த, ரத்தம் ஓடாமல் சதை செத்துப்போகிறது. வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால், முழங்கை, காது மடல், பின்மண்டை ஆகியவைதான் இடங்கள்.

முதல் அறிகுறி நிறமாற்றம். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பிச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது முதல் கட்டப் புண். நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா, ஊதா கலந்த கருமையா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் மேல்தோல் உரிந்து கொப்புளம் போலாகும். மூன்றில் கொழுப்பு வரை குழி விழும். நான்கில் எலும்போ தசையோ தெரியும். ஆறுவதற்கு மாதக்கணக்காகும், சிலருக்கு ஆறாமலே போகும்.

செய்ய வேண்டியது: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றம். முழுப் பக்கவாட்டில் 90 டிகிரியில் படுக்கவைத்தால் இடுப்பெலும்பின் மேல் பாரம் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரிச் சாய்வில் வைக்க வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்த வேண்டும். சாப்பிடும் நேரம் தவிரக் கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் தூக்கி வைத்தால் உடல் கீழ்நோக்கிச் சறுக்கி, தோல் உள்ளே கிழியும். மேலே நகர்த்தும்போது அக்குளில் கைகொடுத்து இழுக்கக் கூடாது. அடியில் விரித்த குறுக்கு விரிப்பை இரண்டு பேர் இருபுறமும் பிடித்துத் தூக்க வேண்டும். நாற்காலியில் உட்காரவைத்தாலும் மணிக்கு ஒருமுறையாவது எடையை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

செய்யக் கூடாதது: சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்பது, வளையம் போன்ற டியூப் மெத்தையில் உட்காரவைப்பது, தண்ணீர் நிரப்பிய கிளவுஸைக் குதிகாலுக்கு அடியில் வைப்பது. மூன்றும் பழைய பழக்கம். மூன்றும் புண்ணைப் பெரிதாக்கும்.

ஏர் பெட் வாங்கிக் கொடுத்துவிட்டால் புரட்ட வேண்டாம் என்று நினைப்பதுதான் மிகவும் பரவலான தவறு. ஏர் பெட் உதவும். புரட்டுவதற்கு மாற்று ஆகாது. மோட்டார் ஓடுகிறதா, எடைக்கேற்ற அளவில் காற்று வைத்திருக்கிறார்களா, மேலே மூன்று பெட்ஷீட்டும் ரப்பர் ஷீட்டும் விரித்து அதன் பயனையே கெடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கரண்ட் போனால் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள்.

புரட்டிய நேரத்தை எழுதும் சார்ட்டும் இருக்க வேண்டும். ஆனால் 8, 10, 12, 2 என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் எழுதிய சார்ட்டை நம்ப வேண்டாம். உண்மையான சார்ட்டில் 10.20 என்றும் 12.05 என்றும் இருக்கும்.

மழைக்காலத்தில் ஏன் தோல் பிரச்சினை கூடுகிறது?

குமரியில் ஜூன், ஜூலையிலும் மழை, அக்டோபர், நவம்பரிலும் மழை. பெட்ஷீட்டும் துணி டயபரும் காயாது. ஈரப்பதமுள்ள விரிப்பில் படுத்தால் தோல் ஊறி, லேசான உரசலிலேயே உரியும். தொடை இடுக்கிலும் மார்புக்கு அடியிலும் படை வரும். படுக்கைக்கு மூன்று செட் விரிப்பு வெயில் காலத்துக்குப் போதும். மழையில் ஐந்து வேண்டும். டிரையரோ, மின்விசிறி போட்ட உலர்த்தும் அறையோ இருக்கிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி. டயபரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மலம் கழித்தால் உடனே மாற்ற வேண்டும். துடைத்து, ஒற்றி உலர்த்தி, ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு மெல்லியதாகத் தடவினால் போதும். பவுடரைக் கொட்டினால் அது வியர்வையில் கட்டிபிடித்துத் தோலை அறுக்கும்.

சாப்பாடு கொடுத்தோம் என்கிறார்கள், அம்மா மெலிகிறார். ஏன்?

தட்டு வைப்பது ஒன்று, வயிற்றுக்குள் போவது வேறு. விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஒரு வேளை ஊட்ட 20 முதல் 40 நிமிடம் ஆகும். ஆறு பேருக்கு ஊட்ட வேண்டுமென்றால் சராசரி 25 நிமிடத்தில் 150 நிமிடம். ஒரே ஆள் ஊட்டினால் கடைசி ஆளுக்குக் கஞ்சி ஆறிப்போயிருக்கும். அல்லது எல்லோருக்கும் அவசரமாகத் திணிக்கப்படும். திணித்தால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். நிமோனியாவுக்கு அதுவே வழி.

ஊட்டும்போது 90 டிகிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், தாடை சற்றுக் குனிந்திருக்க வேண்டும், டீஸ்பூன் அளவு மட்டும், விழுங்கியது தெரிந்தபின் அடுத்தது. முடிந்தபின் அரைமணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். ஊட்டுகிறவர் நின்றுகொண்டு ஊட்டினால் முதியவர் அண்ணாந்து பார்ப்பார், அப்போது புரையேறும். உட்கார்ந்து ஊட்ட வேண்டும்.

வெறும் கஞ்சியும் சம்மந்தியும் (தேங்காய்த் துவையல்) மூன்று வேளை கொடுத்தால் வயிறு நிறையும், சதை கரையும். 50 கிலோ எடையுள்ள, மெலிந்த அல்லது புண் உள்ள முதியவருக்கு நாளைக்கு 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு. ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். கஞ்சியில் வேகவைத்த சிறுபயறு, முள் நீக்கி மசித்த மீன், பால், தயிர், முட்டை என்று சேர்த்தால்தான் எட்டும். மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) அப்படியே கொடுத்தால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். மசித்துக் குழம்பு விட்டு இளக்கித் தர வேண்டும்.

எடையை மாதம் ஒருமுறை எழுத வேண்டும். ஒரே மாதத்தில் 5 சதவீதம் அல்லது ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். 48 கிலோவில் 5 சதவீதம் என்பது இரண்டரைக் கிலோகூட இல்லை. கண்ணால் பார்த்துத் தெரியாது. நிற்க முடியாதவருக்கு நாற்காலித் தராசு இருக்கிறதா என்று கேளுங்கள்.

வாய் சுத்தமும் இதில் சேரும். தினம் இருமுறை பல்லையும் நாக்கையும் துடைக்க வேண்டும், பல்செட்டை இரவில் கழற்றி வைக்க வேண்டும். அழுக்கு வாயின் கிருமிதான் புரையேறும்போது நுரையீரலுக்குப் போகிறது.

ரைல்ஸ் டியூப் போட்டிருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

மூக்கருகே டியூப்பில் உள்ள அளவுக் குறி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். உள்ளே இருந்து இழுத்த திரவத்தை அமிலத்தன்மை காட்டும் பி.எச். தாளில் வைத்தால் 5.5-க்குக் கீழே காட்டுவது நல்ல சான்று. காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்பதை மட்டும் நம்பக் கூடாது. டியூப் நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கலாம். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி. ஊட்டி முடிந்தும் ஒரு மணி நேரம் அப்படியே. ஒரு தடவைக்கு 200 முதல் 250 மி.லி., தள்ளாமல் ஈர்ப்பு விசையில் மெதுவாக இறங்க வேண்டும். முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர். இருமினாலோ முகம் நீலம் பாரித்தாலோ உடனே நிறுத்த வேண்டும். மெதுவாகக் கரையும் மாத்திரைகளையும், குடலில் கரைவதற்கான பூச்சு உள்ள மாத்திரைகளையும் பொடித்து விடக் கூடாது. வேறு வடிவம் உண்டா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கதீட்டர்?

முதல் கேள்வி, அது எதற்கு? மூத்திரம் அடைபட்டிருந்தாலோ, வால் எலும்புப் புண் நனைந்துகொண்டே இருந்தாலோ நியாயம். டயபர் மாற்றும் வேலையைக் குறைக்க என்றால் நியாயமே இல்லை. உள்ளே வைத்த ஒவ்வொரு நாளும் தொற்று வாய்ப்பு கூடுகிறது. பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் காலி செய்ய வேண்டும். டியூப்பைத் தொடையில் ஒட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புரட்டும்போது இழுபடும். கலங்கிய மூத்திரத்தோடு காய்ச்சலோ திடீர்க் குழப்பமோ வந்தால் அன்றே மருத்துவரிடம்.

மருந்திலும் இன்சுலினிலும் எங்கே தவறு நடக்கிறது?

இன்சுலினில் ஒரு ஆபத்தை நம் நாட்டில் தனியாகக் கவனிக்க வேண்டும். குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.-க்கு 40 யூனிட். சில குப்பிகளும் பேனாவில் வருபவையும் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. இரவில் போட்டால் விடியும்போது நினைவில்லாமல் கிடப்பார். குப்பியின் எண்ணையும் மூடியின் நிறத்தையும் இருவர் பார்த்துச் சொன்னபின் போடுவதே பாதுகாப்பு.

சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினை, மருத்துவர் வேறு நேரம் சொல்லாவிட்டால், தட்டு முன்னால் வந்தபிறகு போட வேண்டும். ஊசி போட்டபின் "எனக்கு வேண்டாம் மக்களே" என்று அம்மச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டால் சர்க்கரை இறங்கும். 70-க்குக் கீழே போனால், நினைவு இருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். திறந்த குப்பியை 28 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. திறந்த தேதி அதன் மேல் எழுதியிருக்க வேண்டும்.

மாத்திரையில் நடக்கும் பொதுவான தவறு, காலையிலேயே எல்லோருக்கும் சிறு கிண்ணங்களில் பிரித்து வைத்துவிட்டுப் போவது. கிண்ணம் மாறும், விழுங்கினாரா என்று யாரும் பார்ப்பதில்லை. அட்டையிலிருந்து அவர் முன்னாலேயே எடுத்து, விழுங்கியபின் கையெழுத்திட வேண்டும்.

இரவில் தடுமாறுகிறார் என்று கையைக் கட்டுகிறார்கள், தூக்க மாத்திரை கொடுக்கிறார்கள். சரியா?

சரியில்லை. கட்டினால் விழுவது நிற்காது. கட்டோடு புரண்டு கழுத்து இறுகுவதும், தோல் உரிவதும், பயத்தில் குழப்பம் கூடுவதும் நடக்கும். தூக்க மாத்திரை கொடுத்தவர் அரைத்தூக்கத்தில் பாத்ரூமுக்கு எழுந்து விழுகிறார். மறதி நோய் உள்ளவர் சாயங்காலம் அமைதியிழந்தால் முதலில் தேட வேண்டியவை வலி, மலச்சிக்கல், மூத்திரத் தொற்று, தாகம், பசி. சொல்லத் தெரியாதவரின் வலியை நெற்றிச் சுளிப்பிலும், முனகலிலும், தொட்டால் கையைத் தட்டிவிடுவதிலும்தான் படிக்க முடியும். புதிதாக மயக்க மாத்திரை தொடங்கினால் யார் எழுதினார்கள், எதற்கு, எத்தனை நாளுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். ஆள் பற்றாக்குறைக்கு மருந்து கொடுத்து ஈடுகட்டும் இடத்தில் உங்கள் பெற்றோரை வைத்திருக்காதீர்கள்.

விழுந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

உடனே தூக்கி உட்காரவைக்கக் கூடாது. ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவு என்றே எண்ணி அசைக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். தலையில் அடி, அதோடு ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிடுபவர் என்றால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் சி.டி. ஸ்கேன் தேவை. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு எங்கோ கொண்டுபோகும்போது கூடவே போக யார்? அவர் போனால் இங்கே யார்? இதற்குப் பதில் சேர்க்கும் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும். மருந்துப் பட்டியல், ஒவ்வாமை, உறவினர் எண் மூன்றும் ஒரே தாளில் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். மார்த்தாண்டம் நெரிசலில் வண்டி நிற்கும்போது அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

சொறி பரவியிருக்கிறது. ஒருவருக்கு மட்டும் மருந்து போதுமா?

போதாது. பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பை இல்லத்தில் எல்லோரும், ஊழியர்களும் ஒரே நாளில் கழுத்திலிருந்து பாதம் வரை, முதியவர்களுக்கு நெற்றியிலும் தலைமுடி ஓரத்திலும்கூடத் தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும்; ஒரு வாரம் கழித்து மறுபடி. துணிகளை வெந்நீரில் அலச வேண்டும். முடியாதவற்றைப் பையில் கட்டி மூன்று நாளாவது ஒதுக்கி வைக்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் திரும்ப வரும். மருந்து போட்டபின்னும் அரிப்பு சில வாரம் இருக்கும். அதைப் பார்த்து மறுபடி மறுபடி தடவக் கூடாது.

வெளிநாட்டில் இருக்கிறோம். எப்படிக் கண்காணிப்பது?

வீடியோ காலில் முகத்தை மட்டும் காட்டச் சொல்லாதீர்கள். வாரம் ஒருமுறை குதிகாலையும், மாதம் ஒருமுறை எடைச் சீட்டையும் காட்டச் சொல்லுங்கள். முதுகையும் வால் எலும்பையும் கேமராவில் காட்டச் சொல்வது அவர் மானத்தைத் தொடும் விஷயம். அதை நேரில் பார்க்க உள்ளூரில் உறவினர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அவர் முன்னறிவிப்பின்றி, வெவ்வேறு நேரத்தில் போகட்டும். அழைக்கும் நேரத்தையும் மாற்றுங்கள். எப்போதும் காலை பத்து மணிக்கே அழைத்தால் குளித்துத் தலைசீவிய அம்மாவைத்தான் பார்ப்பீர்கள்.

குறை சொன்னால் கோபத்தை அம்மாவிடம் காட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எங்கே போவது?

இந்தப் பயம் உண்மையானது; எளிதில் ஒதுக்க முடியாது. முதலில் பொறுப்பு நர்ஸிடம், தேதியும் நேரமும் குறிப்பிட்டு, ஆளைக் குற்றம் சாட்டாமல் நடந்ததைச் சொல்லுங்கள். "சிஸ்டர், செவ்வாய் மாலை ஆறு மணிக்கு வந்தபோது டயபர் நிறைந்து பெட்ஷீட் வரை நனைந்திருந்தது" என்பது பதில் சொல்லத்தக்க புகார். "யாரும் கவனிப்பதே இல்லை" என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அதன்பிறகும் மாறாவிட்டால் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். அடுத்து மாவட்ட சமூக நல அலுவலகம், முதியோர் உதவி எண் 14567, திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். அடி, காயம், பட்டினி என்றால் இந்த வரிசை எதுவும் வேண்டாம். நேரே காவல் நிலையம்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்படி, பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கும் மனுவைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கும். நம் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என இரு கோட்டங்கள். சொத்தை எழுதி வைக்கும் பெற்றோர், கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதினால், கவனிக்காதபோது 23-ஆம் பிரிவின் கீழ் அந்த எழுத்தை ரத்து செய்யக் கேட்பது எளிது.

சேர்க்கும் நாளில் எதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்?

அன்றைய எடை. தோலில் ஏற்கெனவே உள்ள காயங்கள், இரு தரப்பும் கையெழுத்திட்டு. மருந்துகளின் பெயர், அளவு, நேரம். எத்தனை அடி தானாக நடக்கிறார், யார் துணையோடு. எதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்: பெயரா, பாட்டா என்பதா, டீச்சர் என்பதா. கட்டணத்தில் டயபர், ஏர் பெட், பிசியோதெரபி, ஆஸ்பத்திரியில் கூட இருக்கும் ஆள் ஆகியவை அடங்குமா, தனியா என்பதும் எழுத்தில் வேண்டும்.

முதல் மாதத்தைச் சோதனைக் காலமாக எழுதிக்கொள்வதும் நல்லது. முன்பணம் எவ்வளவு திரும்பும் என்பதோடு சேர்த்து. முப்பதாம் நாள் அதே தராசில் எடை பாருங்கள், தோலைப் பாருங்கள், வந்தபோது பத்து அடி நடந்தவர் இப்போதும் நடக்கிறாரா என்று நடக்கவைத்துப் பாருங்கள். வந்த இடம் புதிது என்பதால் முதல் வாரம் பசியும் தூக்கமும் குறைவது இயல்பு. நான்காம் வாரத்திலும் எடை இறங்கிக்கொண்டிருந்தால், இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்காமல், மருத்துவரிடம் காட்டிவிட்டு அன்றே அடுத்த இடத்தைத் தேடத் தொடங்குங்கள்.